நீர்க்கட்டி நோயும் அதனை இனங்காணலின் வரலாறும்

நோய்களை இனங்காணும் முறைகளின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. ஐடாற்றிட் எனப்படும் நீர்க்கட்டி நோயின் வரலாறோ இதற்குப் புறநடையாகும்.

எக்கினோகொக்கசு என்னும் சிறு நாடாப்புழு நாயின் குடலில் வாழ்வது. நாயின் மலத்துடன் வெளியேறும் அதன் முட்டைகள் செம்மறியாட்டின் உடலையோ மனித உடலையோ அடையுமிடத்து நீர் நிறைந்த கட்டிகளாக வளர்கின்றன. ஆட்டின் கட்டியைத் தின்னும் நாயின் குடலிற் புழு மீண்டும் தோன்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜேர்மானிய அறிஞர் சீபோல்ட், கட்டிகளை நாய்களுக்கு ஊட்டி இவ்வுண்மையை நிறுவினார்.

ஈரலும் நுரையீரலுமே இக்கட்டியின் வழமையான உறைவிடங்கள். மூளை, கட்குழி, இதயம், என்பு ஆகியவற்றில் அது அரிதாகவே தோன்றும். எனினும் மூளைக் கட்டிக்கு ஆளாவோருட் பெரும்பாலார் சிறுவரே. தன் நோவை எடுத்துரைக்க இயலாத குழந்தையின் தலைவலியும் வாந்தியும் வேறொரு மூளைக் கழலையின் குறிகளெனக் கொள்ளப்படலாம். உண்மை அறியாது கட்டியைத் துளைப்பின், சிந்தும் நீர் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை அதிர்ச்சியை விளைவிக்கக்கூடும். புதிய கட்டிகளும் தோன்றலாம்.

1906இல் கெடினி குருதிச் சோதனையொன்றை வகுத்தார். சில ஆண்டுகளின் பின் கசோனி தோற் சோதனையை அறிமுகஞ் செய்தார். ஆயின் சிதையாத மூளைக் கட்டி குருதியிற் சுவடு விடாதிருத்தலுங் கூடும்; ஆதலின் எதிர்மறை விடை நோயின்மைக்குச் சான்றாகாது. 1970களிற் பரவிய கணினி வெட்டுமுகப் படமும், 1981இல் கர்பியும் பிறரும் மீயொலிப் படங்கொண்டு ஈரற் கட்டிகளை வகைப்படுத்தியமையும் பெருந்துணை புரிந்தன. அப்போதும் படத்திலுள்ள உருவத்துக்குப் பொருள் காண, குழந்தை நாய்களோடும் ஆடுகளோடும் வளர்ந்ததா என்ற வினா வேண்டப்பட்டது.

அவ்வினாவின் ஆற்றலை ஐஸ்லாந்து முன்னரே கண்டிருந்தது. 1863இல் அங்கு சென்ற டென்மார்க்கு நாட்டவரான கிறாபே, நாய்களை அறுத்துச் சோதித்து, அவற்றுட் கால்வாசிக்கு மேற்பட்டவற்றில் இப்புழுவைக் கண்டார். அடுத்த ஆண்டில் அவரது சிறுநூல் மக்களிடையே இலவசமாக வழங்கப்பட்டது; 1869இல் நாய்கள் தொடர்பான சட்டம் பிறந்தது. கட்டியுள்ள உறுப்புகளை நாய்க்கு இடும் வழக்கம் படிப்படியாக ஒழிந்தது. இருபதாம் நூற்றாண்டில் நோயும் அத்தீவை விட்டகன்றது.

மருத்துவமனையில் ஒரு குழந்தையைக் காத்த வினாவே, வீட்டு முற்றத்திற் கேட்கப்பட்டபோது ஒரு தலைமுறையையே காத்தது. கருவிகள் எட்டா இடத்தை அறிந்தன. வினாவோ கட்டி தோன்றுமிடத்தையே அறிந்தது.