மழையால் தண்டிக்கப்பட்டவன்

எழுமலை மாதிரி மானாவாரி ஊரில் போய் மழையை ஒரு தண்டனை என்று சொன்னால் ஆளை ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். மதுரையில் தானியம் விற்ற சாத்தனார் மணிமேகலையில் அப்படித்தான் கதை சொல்கிறார்.

ஆபுத்திரன், பெற்றவள் கைவிட்ட பிள்ளை. வேள்விப் பசுவைக் காப்பாற்றப் போய் ஊரைவிட்டே துரத்தப்பட்டவன். மதுரையில் சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் தங்கி, பிச்சை எடுத்து, கண் தெரியாதவர், கால் முடங்கியவர் எல்லாருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவான். பிச்சை ஓடுதான் தலையணை. ஒரு மழை இரவில் பசியோடு வந்தவர்களுக்குக் கொடுக்க எதுவுமில்லாமல் தவித்தபோது தேவி அமுதசுரபியைத் தந்தாள்.

வரம் தர வந்த இந்திரனைப் பார்த்து அவன் சிரித்துவிட்டான். பசி ஆறியவர் முகத்தைப் பார்ப்பதைவிடவா உன் வரம் பெரிசு? கோபம் வந்த இந்திரன், 12 வருடம் வறண்டு கிடந்த பாண்டிநாட்டில் மழையைக் கொட்டினான். நாடு செழித்தது. அம்பலத்தில் சூதாட்டமும் வெட்டிப்பேச்சும். சோறு கேட்க ஒரு ஆள் இல்லை.

ஆசைதான் துன்பத்துக்கு வேர் என்கிறது பௌத்தம். சோறு போடும் ஆசையும் ஆசைதானா? சாத்தனார் வாயைத் திறக்கவில்லை (மனசு அமைதிக்குத் தியானச் செயலி தேடுகிற நாம் கேட்கவேண்டிய கேள்வி).

மழையில்லாத சாவகத்துக்குக் கப்பலேறினான். வழியில் மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. ஆளில்லாத தீவு, கையில் வற்றாத பாத்திரம். தனக்கு மட்டும் சோறு எடுக்க மனசு வரவில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டுப் பட்டினி கிடந்து செத்தான்.

அடுத்த பிறவியில் அவன்தான் சாவகத்து ராஜா. பிறகொருநாள் அதே தீவில், மணலைத் தோண்டித் தன் பழைய எலும்புகளைத் தானே பார்க்கிறான்.