வேலியும் கடவையும்

இங்கிலாந்து நாட்டின் சிற்றூர்ப்புறங்களில் கால்நடையாக உலவச் செல்வோர் அடிக்கடி ஒரு காட்சியைக் காண்பர். கோதுமை வயலின் ஓரமாக ஒற்றையடிப்பாதை ஒன்று செல்லும். குறுக்கே வேலி நிற்கும், அல்லது கல் அடுக்கிய சுவர் நிற்கும். ஆனால் பாதை அங்கே முடிந்துவிடாது. வேலியின் இருபுறமும் பலகைப்படி பதித்திருப்பர். சுவரிலே கற்களை நீட்டிப் படியாக்கியிருப்பர். ஆடும் மாடும் தாண்ட முடியாது. மனிதன் ஏறி இறங்கி அப்பால் செல்லலாம். வயல் தனி ஒருவருடையது, வழி ஊராருடையது. அந்தப் படியைப் பழுது பார்த்து வைக்கும் கடமை நிலத்துக்கு உடையவரைச் சேர்ந்தது என்று 1980-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் கூறுகிறது.

இதற்குத் தமிழில் சொல் இல்லையோ என்று ஐயுற வேண்டா. கடத்தல் என்னும் வினையிலிருந்து பிறந்த கடவை என்னும் சொல் நம்மிடம் உண்டு. ஈழத்தமிழர் இருப்புப்பாதையைக் கடக்கும் இடத்தை இன்றும் கடவை என்றே வழங்குகின்றனர். நாடு விட்டு நாடு செல்வதற்கான ஏட்டைக் கடவுச்சீட்டு என்கின்றனர். சொல் இருந்தது, கடக்கும் உரிமை எல்லார்க்கும் இருந்ததா? அதுவே நாம் இங்கே எழுப்பும் கேள்வி.

ஆங்கில நாட்டு உழவனுக்கும் அந்த உரிமை எவரும் இரங்கி அளித்த பரிசாக வந்துவிடவில்லை. 1604 முதல் 1914 வரை 5,200-க்கு மேற்பட்ட அடைப்புச் சட்டங்களை அந்நாட்டுப் பாராளுமன்றம் நிறைவேற்றிற்று. ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர் நிலம் அவற்றால் வேலிக்குள் அடைபட்டது. ஊர்ப்பொது மேய்ச்சல் நிலம் சீமான்களின் வேட்டைக்காடாயிற்று. ஆலைத் தொழிலாளி ஞாயிற்றுக்கிழமை மலைக்காற்று வாங்கச் சென்றால் காவற்காரன் தடியோடு எதிரே நின்றான். 1932 ஏப்ரல் 24 அன்று, மான்செஸ்டர் பகுதித் தொழிலாளத் தோழர்கள் சில நூறு பேர், பென்னி ராத்மன் என்ற இளைஞர் முன்னிற்க, கிண்டர் ஸ்கவுட் மேட்டு நிலத்தில் தடையை மீறி நடந்தனர். நடந்த குற்றத்தை ஒட்டி ஐவர் சிறை சென்றனர். நெடுநாட் கிளர்ச்சியின் பயனாக 1949-இல் வந்த சட்டம், ஊர்தோறும் நடைபாதைகளை நிலப்படத்தில் பதியச் செய்தது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் மேட்டு நிலங்களிலும் பொதுநிலங்களிலும் உலவும் உரிமையைச் சேர்த்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் இன்று ஏறத்தாழ 1,40,000 மைல் நீளப் பொதுவழிகள் பதிவில் உள்ளன.

அந்நாட்டுச் சட்டத்தில் ஒரு விதி நம் சிந்தனைக்கு உரியது. ஒரு நிலத்தின் ஊடே மக்கள் இருபது ஆண்டுகள் தடையின்றி, உரிமையோடு நடந்து வந்தால், அதைப் பொதுவழி என்றே கொள்ளவேண்டும். உடையவர் அதற்கு மாறான எண்ணம் தமக்கு இருந்ததை மெய்ப்பித்தாலன்றி வழியை அடைக்க முடியாது. அங்கே வழக்கம் என்பது நடப்பவன் பக்கம் நின்றது. நடந்த கால்களே சான்று கூறின.

நம் நாட்டில் வழக்கம் எவர் பக்கம் நின்றது?

1897-ஆம் ஆண்டு, இராமநாதபுரம் சீமையைச் சேர்ந்த கமுதியில் நாடார் சமூகத்தார் கோயிலுக்குள் சென்றனர். கோயிலின் தர்மகர்த்தா என்ற முறையில் சேதுபதி மன்னர் வழக்குத் தொடுத்தார். வழக்கு மதுரையில் தொடங்கிச் சென்னைக்குப் போய், கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1908-இல் தீர்ப்பு வந்தது: நாடார்களுக்கு நுழையும் உரிமை இல்லை, அதுவே நெடுநாள் வழக்கம்! தன் நாட்டு வயல்வெளியில் வழக்கத்தைக் காட்டி வழியைத் திறந்த அதே ஆங்கில நீதி, இங்கே வழக்கத்தைக் காட்டி வாயிலை அடைத்தது. நீதிபதிகள் கொடியவர் என்று நாம் கூறவில்லை. எவனுடைய வழக்கத்தை ஏட்டில் எழுதி வைத்தார்களோ, அவனுடைய வழக்கமே சட்டமாயிற்று. தடுத்தவன் எழுதினான், தடுக்கப்பட்டவனுக்கு எழுத்தே மறுக்கப்பட்டிருந்தது. அவனுடைய சான்றை யார் கேட்டார்?

கோயில் என்றாலாவது ஆகமம் என்பர், ஆசாரம் என்பர். தெருவுக்கு என்ன ஆகமம்? வரிப்பணத்தில் போட்ட சாலைக்கு என்ன தீட்டு? இந்தக் கேள்வியைத்தான் வைக்கம் எழுப்பிற்று. திருவிதாங்கூர் நாட்டில் வைக்கம் கோயிலைச் சுற்றிய சாலைகளில் ஈழவரும் புலையரும் நடக்கலாகாது. ஆனால் கிறித்தவர் நடக்கலாம், இசுலாமியர் நடக்கலாம், நாயும் நடக்கலாம்! 1924 மார்ச் 30 அன்று மூவர் அந்தச் சாலையை நோக்கிப் புறப்பட்டனர். புலையர் குஞ்ஞப்பி, ஈழவர் பாகுலேயன், நாயர் கோவிந்தப் பணிக்கர். நாயருக்கு மட்டும் வழி உண்டு என்றது காவல்துறை. மூவரும் ஒன்றாகவே செல்வோம் என்றனர். மூவரும் ஒன்றாகவே கைதாயினர்.

தலைவர்கள் சிறைப்பட்டதும் தமிழ்நாட்டிலிருந்து பெரியார் ஈ. வெ. இராமசாமி சென்றார். இருமுறை சிறை புகுந்தார். நாகம்மையார் பெண்களைத் திரட்டினார். 1925 பிப்ரவரி 7 அன்று திருவிதாங்கூர்ச் சட்டசபையில் சாலையைத் திறக்கவேண்டும் என்ற தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 21, எதிர்ப்பு 22. ஒரே ஒரு வாக்கு, ஓராயிரம் ஆண்டு இழிவைத் தாங்கிப் பிடித்தது! ஆயினும் மக்கள் ஓயவில்லை. 1925 நவம்பரில் மூன்று பக்கச் சாலைகள் திறக்கப்பட்டன. கிழக்குப் பக்கம் மூடியே இருந்தது. 1936 நவம்பர் 12-இல் திருவிதாங்கூர் மன்னர் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியிட்ட பின்னரே அந்த எஞ்சிய வழியும் எல்லார்க்கும் ஆயிற்று. சில நூறு அடித் தெருவை நடந்து கடக்கப் பன்னிரண்டு ஆண்டுகள்!

வைக்கத்தைப் பேசும் நாம், அதே 1924-இல் சென்னையில் நடந்ததை மறத்தல் தகாது. சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொணர்ந்தார். ஊரிலும் நகரிலும் உள்ள பொதுச்சாலை, தெரு, நடைபாதை எதிலும் எவ்வகுப்பினரும் நடக்கத் தடையில்லை. பொதுக்கிணறு, குளம், பொதுக் கட்டிடம் ஆகியவற்றையும் சாதி இந்துக்களைப் போலவே பயன்படுத்தத் தடையில்லை என்பது அதன் சாரம். நீதிக்கட்சி ஆட்சியில் அது நிறைவேறி, அரசாணையும் ஆயிற்று. ஓர் ஆதித்திராவிடத் தலைவர், ஆயுதம் ஏந்தாமல், மனுநூல் கட்டிய வேலிக்கு ஒரு கடவை அமைத்துக் கொடுத்தார். ஆனால் ஆணை ஏட்டிலே பதிந்த அளவுக்கு ஊரிலே பதியவில்லை. அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பாலக்காட்டில், கல்பாத்தி அக்கிரகாரத் தெருவில் நடக்க முயன்ற ஈழவர்கள் அதே ஆண்டின் இறுதியில் தடுக்கப்பட்டனர். சட்டம் படியைக் கட்டலாம். ஏறவேண்டிய கால் ஏறினாலன்றோ அது வழியாகும்?

நடையின் ஆற்றலைத் திருச்சிராப்பள்ளி நன்கறியும். 1930 ஏப்ரல் 13 அன்று இராசகோபாலாச்சாரியார் தொண்டர்களோடு உப்பெடுக்க வேதாரணியம் நோக்கி நடந்தது இவ்வூரிலிருந்தே. 1938 ஆகஸ்ட் 1 அன்று, அதே ஆச்சாரியார் முதலமைச்சராயிருந்து புகுத்திய கட்டாய இந்தியை எதிர்த்துத் தமிழர் படை சென்னை நோக்கி நடந்ததும் இவ்வூர் உறையூரிலிருந்தே. ஏறத்தாழ நூறு பேர் கொண்ட அப்படையில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் நடந்தார். செப்டம்பர் 11-இல் சென்னை சேர்ந்தனர். அவ்வளவு தொலைவு அவர்கள் நடக்க முடிந்தது ஏன்? சாலை பொதுச்சாலையாய் இருந்தது. தெருவில் இறங்கவே உரிமையற்றவன் எந்தக் கொடியை ஏந்தி எங்கே நடப்பான்? நடக்கும் உரிமையே மற்ற உரிமைகளைக் கேட்கும் உரிமைக்கு முதற்படி.

அவ்வூரின் இரு காட்சிகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். ஒன்று திருவரங்கம்: கோயிலைச் சுற்றி மதிலுக்குள் மதிலாக ஏழு சுற்று, உட்சுற்று செல்லச் செல்ல உயர்வு என்ற எண்ணத்தைக் கல்லிலே எழுப்பிய அமைப்பு. மற்றொன்று கைலாசபுரம்: திருவெறும்பூரை ஒட்டி, 1960-களில் எழுந்த கொதிகலன் தொழிற்சாலைக்காக அமைந்த குடியிருப்பு. பெயர் புராணப் பெயர்; பிறப்போ கொல்லுலையின் பிறப்பு. அங்கே வீடு பதவியின் படிக்கு ஏற்ப ஒதுக்கப்படும். பிறப்பின் படிக்கு ஏற்ப அன்று. ஊர் ஒருபுறம், சேரி மறுபுறம் என்ற பிளவு அதன் வரைபடத்தில் இல்லை. உருக்கு வேலை செய்வோனின் மகனும் பொறியாளரின் மகளும் ஒரே மரநிழல் சாலையில் பள்ளிக்கு நடப்பர். பதவிப் பிரிவு நல்லதென்று நாம் வாதாடவில்லை; படித்துத் தாண்டக்கூடிய பிரிவு அது. பிறப்புப் பிரிவுக்குக் கடவையே கிடையாது.

கைலாசபுரத்தை வரைந்த கோல் தமிழ்நாட்டுச் சிற்றூர்களையும் வரைந்துவிட்டதா? இல்லை. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, அரசுப் பணத்தில் பேணப்படும் சாலைகளைப் பயன்படுத்தச் சாதி தடையாகாது என்றது. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் அதற்கெனத் தனிச்சட்டமும் வந்தது. ஆயினும் மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989-இல் தாழ்த்தப்பட்டோர் தெருவுக்கும் மற்றவர் தெருவுக்கும் இடையே நெடுஞ்சுவர் எழுந்தது. 2008 மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் அதில் ஒரு பகுதியை இடித்து வழி திறந்தது. பத்தொன்பது ஆண்டுகள் மக்கள் சுற்றிச் சுற்றி நடந்தனர்!

2019 ஆகஸ்டில் வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில் தாழ்த்தப்பட்ட ஒருவரின் உடலைச் சுடுகாட்டுக்குக் கொண்டுசெல்ல நிலத்தின் வழியே பாதை கிடைக்கவில்லை. பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி அவ்வுடலைக் கீழே இறக்கினர். சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது. வேலிக்கு இருபுறமும் படி வைத்து உயிருள்ளவனை அனுப்பும் நாடும் உலகில் உண்டு; பிணத்துக்கும் வழிவிடாத ஊரும் உண்டு. இரண்டில் எது நாகரிகம் என்பதைப் பழம்பெருமை பேசுவோர் கூறட்டும்.

இளைஞர்களுக்கு நாம் கூற விரும்புவது இது. வீரவணக்கம் மட்டும் வைக்கத்துக்குச் செய்யும் நன்றியாகாது. உங்கள் ஊரின் நிலப்படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பாதைப் புறம்போக்கு எவ்வளவு, இன்று திறந்திருப்பது எவ்வளவு என்று நடந்து பாருங்கள். சுடுகாட்டுப் பாதை பட்டா நிலத்தின் ஊடே செல்லுமாயின், அது பதிவில் ஏறியுள்ளதா என்று வட்டாட்சியரைக் கேளுங்கள். வழியை மறித்தல் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி தண்டனைக்குரியது. 2015-இல் செய்த திருத்தம் பாதையையும் சுடுகாட்டையும் பெயர் சொல்லியே குறித்துள்ளது. இதை அறியாதார்க்கு எடுத்துரையுங்கள்.

இங்கிலாந்து மக்கள் நடந்து நடந்து வழியைப் பதிவில் ஏற்றினர். இங்கே நம் மூதாதையர் நடக்கக் கூடாத தெருவில் நடந்து சிறை சென்றனர். அடுத்த அடி நம்முடையது. ஊர்தோறும் எந்த வேலியில் கடவை இல்லை என்று கண்டறிவோம். அங்கே முதலில் நடப்போம்.