ஏரிக்குரிய பங்கு

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையில் பரந்து கிடக்கும் பிரதேசத்தில், ஆண்டு முழுவதும் நீரோடும் ஜீவநதி ஒன்றேனும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்று சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்க்கும் மழையே அந்நிலத்தின் பெருஞ்செல்வம். தடுப்பார் இல்லையெனில், மேற்கிலிருந்து கிழக்காக மெல்லச் சரியும் பூமியின்மீது அது வழிந்தோடிச் சீக்கிரமே கடலைச் சேர்ந்துவிடும். இதை நன்குணர்ந்த நம் முன்னோர், அச்சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் மண்கரை எழுப்பி, ஓர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே வெளியேறும் நீர் கீழேயுள்ள ஊரின் ஏரிக்கு வரத்தாகுமாறு, ஊருக்கு ஊர் தொடராக நீர்நிலைகளை அமைத்தனர். பூமியை ஆழத் தோண்டும் பெருஞ்செலவு இதில் இல்லை. நிலத்தின் சரிவையே கருவியாகக் கொண்டு, ஒரு பக்கம் கரையும், அதில் மதகும், ஓரத்தில் கலங்கலும் அமைத்துவிட்டால் போதும். பசுமைக் கட்டுமானம் என்று இக்காலத்தார் போற்றும் கலைக்கு இதனினும் சிறந்த உதாரணத்தை நான் அறியேன்.

இந்த ஏற்பாட்டின் பழமையை ஊர்ப்பெயர்களே சொல்லும். தாம்பரத்துக்கு மேற்கேயுள்ள மணிமங்கலம், ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் நரசிம்மவர்மன் சளுக்கியப் புலிகேசியை எதிர்த்துப் போரிட்ட களங்களுள் ஒன்று. அவ்வூர் ஏரி இன்றும் உள்ளது. ஆயினும் நான் வியப்பது கரைகளின் பழமையைக் கண்டு அன்று. அவற்றைக் காத்த நிர்வாகத்தைக் கண்டுதான். இப்பகுதிக்குத் தெற்கே உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட சாசனங்கள், ஏரியைப் பேணுவதற்கென்றே ஆறு பேர் கொண்ட ஏரி வாரியத்தைக் குடவோலை முறையில் ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்த செய்தியை விரிவாகக் கூறுகின்றன. அவர்கள் பதவி 360 நாட்களுக்கே. முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி அப்பதவிக்கு உரியவராகார். நிலமும் வேதப் பயிற்சியும் உடையவருக்கே அவ்வுரிமை இருந்தது என்பதையும், கரையில் மண் சுமந்த கைகளுக்கு அச்சபையில் இடமில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அக்குறையை ஒப்புக்கொண்ட பின்னரும், நீருக்கும் கணக்குக்கும் இடையே அவர்கள் கண்ட சம்பந்தம் நம் சிந்தனைக்குரியதாகவே நிற்கிறது.

அந்தச் சம்பந்தத்தின் பொருளாதார வேரைப் பிற்காலக் கணக்குகள் காட்டுகின்றன. 1763இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி இப்பகுதியை உள்ளடக்கிய செங்கற்பட்டு ஜாகீரைப் பெற்ற பின், 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் ஏறத்தாழ 2,000 கிராமங்களை அளந்து கணக்கெடுத்தார். அவர் பெற்ற விவரங்களும் அவற்றிற்கு மூலமான ஓலைச்சுவடிகளும் ஒரு செய்தியைத் தெளிவாக்குகின்றன: களத்தில் நெல் குவிந்ததும், அரசுக்கென்றும் குடிகளுக்கென்றும் பிரிப்பதற்கு முன்பே, கோயிலுக்கும், கணக்கனுக்கும், தச்சனுக்கும், கொல்லனுக்கும், நீர் பாய்ச்சுவோனுக்கும், அவர்களோடு ஏரியின் மராமத்துக்கும் ஒரு பங்கு எடுத்து வைக்கப்பட்டது. அதற்கு மேரை என்று பெயர். விளைச்சல் பெருகினால் ஏரியின் பங்கும் பெருகும். கரை உடைந்தால் அனைவரின் பங்கும் குறையும். இதே அறிவின் வேறொரு கிளைதான், விஜயநகர அரசின் காலத்தில் ஆந்திர, கன்னட நாடுகளில் தழைத்த தசவந்தம். தன் பொருளைச் செலவிட்டு ஏரி கட்டும் ஒருவனுக்கு அதன் பாசன நிலத்தில் அல்லது வருமானத்தில் ஒரு பகுதி பரம்பரையாகச் சேரும் என்ற அவ்வொப்பந்தம், தனி மனிதனின் தொழில் முயற்சியைப் பொது நன்மையோடு பிணைத்த அரிய உபாயம்.

1790களில் ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், ஏரி மராமத்தில் மிகுந்த சிரத்தை காட்டினார். மதுராந்தகத்து ஏரியை உடையாமல் ராமர் காத்தார் என்னும் கதையோடு அவர் பெயர் இன்றும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. ஆனால் கம்பெனியின் வரிமுறை வேரூன்ற வேரூன்ற, களத்துமேட்டுப் பங்குகள் ரொக்க வரியினுள் கரைந்து சர்க்கார் கஜானாவைச் சேர்ந்தன. மராமத்தோ கிராமத்தின் பொறுப்பாகவே நின்றது. பங்கை எடுத்துக்கொண்டு கடமையை மட்டும் விட்டுவைத்தால் எவ்வூர்தான் தாங்கும்? 1858இல், ஊரார் கூடி ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்து உழைப்பைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்ற நேர்ந்ததே, அவ்வழக்கம் உயிரிழந்து வந்ததற்குச் சாட்சி.

இந்நிலத்தின்மீதுதான் புதிய தொழில்யுகம் வந்திறங்கியது. 1971இல் தோன்றிய தமிழக அரசின் சிப்காட் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்று வளாகங்களை ஒவ்வொன்றாக விரித்தது. 1998இல் ஹூண்டாய் காரும், 2000இல் செயின்ட் கோபைன் கண்ணாடியும், 2010இல் ரெனோ நிஸான் காரும், 2012இல் டெய்ம்லர் லாரியும் இங்கே உருவாகத் தொடங்கின. 2024இல் வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பெண் தொழிலாளர் தங்குவதற்கான விடுதி திறக்கப்பட்டது. ஒரு சிறு நகரமே ஒரே வளாகத்தில் குடியேறும் நிலை அது. உலகச் சந்தைக்கு வேண்டிய பொருள்களை நம் பிள்ளைகள் செய்து தருவதில் எனக்குப் பெருமிதம் உண்டு. ஆயினும் ஒரு மாறுதலை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை: ஏரிநீர் பாயும் ஆயக்கட்டு வயல் சுருங்கும் இடங்களில் ஏரியைக் காக்க வேண்டிய பயனாளி மறைகிறான், ஏரியின் பயனோ மறையவில்லை, கை மாறுகிறது. 3,645 மில்லியன் கனஅடி கொள்ளும் செம்பரம்பாக்கம், பாசன ஏரியாகப் பிறந்து சென்னைக்குக் குடிநீர் ஊட்டும் நீர்த்தேக்கமாகிவிட்டது. 2015 டிசம்பர் முதல் தேதி இரவில் அதிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி நீர் அடையாற்றில் திறக்கப்பட்டபோது நகரம் பட்ட துயரை யாவரும் அறிவர். செம்பரம்பாக்கத்துக்கு மேலேயுள்ள ஏரிகளின் கொள்ளளவும் வரத்துக்கால்களும் இன்று உழவனைப் போலவே ஆலைக்கும் நகரத்துக்கும் உயிர்நாடி.

மழைநீர் சேகரிப்பை 2003இல் தமிழகம் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. 2017 மார்ச்சில் குடிமராமத்து என்ற பழம்பெயரோடு அரசு 100 கோடி ரூபாய்த் திட்டத்தைத் தொடங்கியது இந்த மணிமங்கலத்தில்தான். இரண்டும் வரவேற்கத்தக்கவை. ஆனால் கூரைநீரை வளாகத்துக்குள் இறக்குவதனால் வளாகத்துக்கு வெளியே தூர்ந்து கிடக்கும் கால்வாய் திறந்துவிடாது. ஓராண்டு மானியம் மறு ஆண்டும் வரும் என்ற உறுதியும் இல்லை. உற்பத்தியோடு ஒட்டி வளரும் நிலையான பங்குதான் ஏரிக்கு வேண்டும். சாலைக்கும் விளக்குக்குமாகச் சிப்காட் வளாக ஆலைகள் ஏற்கெனவே பராமரிப்புக் கட்டணம் செலுத்துகின்றன. அவற்றோடு ஏரி மேரை என்று ஓர் இனத்தைச் சேர்த்து, அத்தொகையை அந்தந்த ஏரித் தொடருக்கே செலவிடலாம். அதை நடத்தும் வாரியத்தில் எஞ்சிய ஆயக்கட்டு விவசாயியும், ஊராட்சியாரும், ஆலைப் பிரதிநிதியும், அந்த விடுதியில் வாழும் தொழிலாளிப் பெண்ணும் சமமாக அமர வேண்டும். ஆண்டிறுதியில் கணக்கு ஊர்நடுவே படிக்கப்பட வேண்டும். கணக்குக் காட்டாதவரை மறுமுறை அமர்த்தலாகாது.