மூன்று முட்டைக்காக ஒரு குளிர்காலப் பயணம்

1911 ஜூன் 27. அண்டார்டிகாவில் நடுக்குளிர்காலம், சூரியனே எட்டிப் பார்க்காத மாதம். ராஸ் தீவின் கேப் எவன்ஸ் முகாமிலிருந்து மூன்று பேர் இரண்டு சறுக்குவண்டிகளை இழுத்துக்கொண்டு கிளம்பினார்கள்: எட்வர்ட் வில்சன், ஹென்றி பவர்ஸ், ஆப்ஸ்லி செர்ரி-கெரார்ட். மூவரும் ஸ்காட்டின் தென்துருவக் குழுவினர். போக வேண்டிய இடம், அதே தீவின் மறுகோடியில் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருந்த கேப் க்ரோஸியர். எதுக்கு? எம்பரர் பெங்குவின் முட்டை எடுக்க!

கோடைக்காலம் வரைக்கும் காத்திருக்கக் கூடாதா? கூடாது. 1902-இல் ஸ்காட்டின் முந்தைய பயணத்தின்போது இதே இடத்தில் வசந்தத்தில் போய்ப் பார்த்தபோதே குஞ்சுகள் பொரிந்திருந்தன. அப்படின்னா முட்டை இட்டது நடுக்குளிரில்தான் என்று வில்சன் கணக்குப் போட்டார்.

கரு வளரும்போது அதன் முன்னோர்களின் வடிவங்களை வரிசையாகக் காட்டும் என்ற கொள்கை அன்று செல்வாக்கோடு இருந்தது. எம்பரர்தான் மிகப் பழமையான பறவை என்றும் நினைத்தார்கள். அதன் கருவைப் பார்த்தால் ஊர்வன எப்படிப் பறவையாச்சு என்று புரியும் என்பது நம்பிக்கை.

போய்ச் சேரவே 19 நாள் ஆனது. வெப்பநிலை மைனஸ் 60 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. கிடைத்தது ஐந்து முட்டை. வழியில் இரண்டு உடைந்தன. அப்புறம் ஒரு புயல், கூடாரத்தையே தூக்கிக்கொண்டு போனது. நல்லவேளையாகச் சரிவுக்குக் கீழே திரும்பக் கிடைத்தது. இல்லையென்றால் மூவரும் திரும்பியிருக்க முடியாது. ஆகஸ்ட் 1 அன்று முகாமுக்கு வந்தார்கள்.

அடுத்த ஆண்டே வில்சனும் பவர்ஸும் ஸ்காட்டோடு துருவப் பயணத்தில் இறந்துபோனார்கள். மிச்சமிருந்த செர்ரி-கெரார்ட் 1913-இல் முட்டைகளை லண்டன் அருங்காட்சியகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். அங்கே தன்னைக் காக்க வைத்து அலட்சியமாக நடத்தியதைப் பின்னாளில் கசப்போடு எழுதினார். 1934-இல் வந்த ஆய்வறிக்கை, இந்தக் கருக்களால் புதிதாகப் பெரிதாக எதுவும் தெரியவில்லை என்று முடித்துவிட்டது. கொள்கையே அதற்குள் செல்வாக்கு இழந்திருந்தது.

அப்போ எல்லாம் வீணா? அங்கே அவர்கள் கண்ணால் பார்த்ததைக் கவனியுங்கள். இந்தப் பறவைக்குக் கூடு கிடையாது. உறைந்த கடல்மேல் நின்றபடி, காலின் மேல் முட்டையை வைத்து, வயிற்றுத் தோல் மடிப்பால் மூடிக்கொள்கிறது. முட்டை இல்லாத சில பறவைகள், வெறும் பனிக்கட்டி உருண்டையைக் காலில் வைத்து அடைகாத்தன!

அடைகாப்பது ஆண்தான், ஏறக்குறைய 65 நாள், சாப்பாடே இல்லாமல். ஏன் இந்தக் கொடும் குளிரில்? எங்க சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால், ரிலீஸ் தேதியிலிருந்து பின்னோக்கிப் போட்ட திட்டம். டிசம்பர்–ஜனவரியில் பனி உடைந்து கடலில் இரை பெருகும்போது குஞ்சு நீந்தத் தயாராக இருக்க வேண்டும். அதுக்குக் குளிர்காலத்திலேயே ஆரம்பித்தாக வேண்டும்.

பனி சீக்கிரம் உடைந்தால் திட்டம் மொத்தமும் போச்சு. 2022-இல் பெல்லிங்ஸ்ஹவுசன் கடல் பகுதியின் ஐந்து குடியிருப்புகளில் நான்கில், நீர்புகா இறகு முளைக்கும் முன்பே பனி போய்விட்டது. அந்த நான்கிலும் குஞ்சுகள் தப்பவில்லை என்றே செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்தவர்கள் முடிவு செய்தார்கள். எச்சத்தின் பழுப்புக் கறையை வைத்துத்தான் வானத்திலிருந்து குடியிருப்புகளைக் கண்டுபிடிக்கிறார்கள்.

மூன்று பேர் உயிரைப் பணயம் வைத்துத் தேடிப்போன பதில் அந்த முட்டைக்குள் இல்லை. முட்டை எங்கே, எந்த மாதத்தில் கிடந்தது என்பதுதான் இன்று நமக்குத் தேவைப்படும் தகவல்.