குளிக்கப் போன இடத்தில் ஒரு கடப்பாரை

வெளியே மைனஸ் இருபத்தேழு டிகிரி. உள்ளே நான் அரை டிராயரோடு நின்று வியர்த்துக் கொண்டிருக்கிறேன். கனடாவின் இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கூத்து புதுசில்லை. போன வருஷம் பிப்ரவரி லீவில் கால்கரியிலிருந்து மூணு மணி நேரம் பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு போய், வெஸ்ட் எட்மன்டன் மாலுக்குள் இருக்கும் வேர்ல்ட் வாட்டர்பார்க்கில் குடும்பத்தோடு குதித்தோம். தலைக்கு மேலே கண்ணாடிக் கூரை, கூரைக்கு வெளியே பனி. ஒரு சங்கு ஊதுகிறது. உடனே குளத்தில் அலை கிளம்புகிறது. பிள்ளைகள் போடும் கூச்சல் காதைப் பிளக்கிறது.

ஒன்பது வயசு மகன் தண்ணீரைத் துப்பிவிட்டுக் கேட்டான். "அப்பா, நீ சின்னப் பையனா இருந்தப்ப உங்க ஊர்ல இது மாதிரி இருந்துச்சா?"

விடுவேனா? "இதைவிடப் பெருசுடா. திருப்பதியில மலை உச்சியிலேர்ந்து நேரா தலையில கொட்டும். சித்தூர்ல எங்க வீட்டுக் கிணத்துலதான் நான் நீச்சலே கத்துக்கிட்டேன்" என்று எடுத்து விட்டேன்.

தங்கமணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சித்தூர்ல ஏதுங்க தண்ணி?" :-)

அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இவ்வளவு பெரிய கதை.

முதலில் இந்த வாட்டர்பார்க் சமாச்சாரம். இதற்கு ஐம்பது வயசுதான் ஆகிறது. 1977-ல் ஜார்ஜ் மில்லே என்பவர் ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் வெட் என் வைல்டைத் திறந்தார். இன்றைய வாட்டர்பார்க்குகளுக்கு அதைத்தான் முன்னோடி என்கிறார்கள். குளிர் தேசத்துக்காரர்கள் அதற்குக் கூரை போட்டார்கள். எட்மன்டனில் 1986-ல் வந்தது. ஜப்பானில் 1993-ல் ஓஷன் டோம் என்று கூரைக்குள் ஒரு கடற்கரையையே கட்டி, 2007-ல் மூடிவிட்டார்கள். ஜெர்மனியில் பெர்லின் பக்கம், ஆகாயக் கப்பல் கட்டுவதற்காக எழுப்பிய பெரிய கொட்டகை சும்மா கிடந்தது. 2004-ல் அதற்குள் மணலும் பனைமரமும் கொண்டுவந்து வைத்து, டிராப்பிகல் ஐலண்ட்ஸ் என்று பெயர் வைத்தார்கள். எல்லா இடத்திலும் சூத்திரம் ஒன்றுதான். ஒரே தண்ணீரைச் சுத்தம் செய்து, சூடாக்கி, பம்பு வைத்துத் திரும்பத் திரும்பச் சுற்ற விடுவது. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று குளிப்பவன் யோசிக்க வேண்டியதே இல்லை.

டிசம்பர் லீவுக்கு ஊருக்குப் போனோம். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டுமே! முதல் வேலையாகத் திருப்பதி, கபில தீர்த்தம்.

திருமலை அடிவாரத்தில், மலை ஓடை செங்குத்துப் பாறையிலிருந்து நேராக ஒரு கல் குளத்தில் விழுகிற இடம். பக்கத்திலேயே கபிலேஸ்வரர் கோயில். வடகிழக்கு மழை நன்றாகப் பெய்தால்தான் அருவிக்கு உயிர். நாங்கள் போன அன்று மழை ஓய்ந்து பத்து நாள் ஆகிவிட்டதால் ஒரு தடிமனான குழாய் அளவுக்குத்தான் விழுந்தது. மகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. மகள் மட்டும் தலையை நீட்டி நனைந்துவிட்டு, "அப்பா, ஐஸ் மாதிரி இருக்கு, ஹீட்டர் போடலையா?" என்றாள். பக்கத்தில் நின்ற பெரியவர் சிரித்துவிட்டார்.

இந்தக் குளத்துக்குப் பழைய பெயர் ஆழ்வார் தீர்த்தம். திருப்பதி, திருமலைக் கோயில்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன, பெரும்பாலானவை தமிழில். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1911 வரை சித்தூர்தான் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரம். அந்த வருஷம்தான் சித்தூர் தனி மாவட்டம் ஆனது. 1953-ல் ஆந்திர மாநிலத்தோடு போனது. 1960-ல் திருத்தணி மட்டும் இந்தப் பக்கம் திரும்பியது. 2022-ல் திருப்பதியே தனி மாவட்டம் ஆகிவிட்டது. எங்கள் மாதிரி வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு என்று வளர்ந்தவர்கள் அந்தப் பக்கம் எக்கச்சக்கம்.

மறுநாள் மலைக்கு மேலே போனோம். இவ்வளவு ஜனத்துக்கும் எங்கிருந்து தண்ணீர் என்று நான் சின்ன வயசில் யோசித்ததே கிடையாது. கோகர்ப்பம், பாபவிநாசம், ஆகாச கங்கை, குமாரதாரா, பசுபுதாரா என்று ஐந்து அணைகளில் மழையைப் பிடித்து வைக்கிறார்கள். அணை இல்லாத காலத்தில்? தோளில்தான்.

ராமானுஜரின் தாய்மாமன் திருமலை நம்பி, பதினோராம் நூற்றாண்டுக்காரர். பாபவிநாசத்திலிருந்து தினமும் குடத்தில் தண்ணீர் சுமந்து வந்து பெருமாளுக்குக் கொடுத்தார் என்பது கோயில் வழக்கு. ஒரு நாள் வழியில் ஒரு வேடன், "தாத்தா, தாகமா இருக்கு, தண்ணி குடு" என்று கேட்டானாம். பூஜைக்கான தண்ணீர் என்று இவர் மறுத்துவிட்டார். அவன் பின்னாலிருந்து அம்பு விட்டுக் குடத்தில் ஓட்டை போட்டுக் குடித்துவிட்டான். கிழவர் அழ, வேடன் பாறையில் இன்னொரு அம்பு விட்டு, கோயிலுக்குக் கிட்டத்திலேயே ஆகாச கங்கையைக் காட்டிக் கொடுத்துவிட்டு மறைந்தான். இன்றைக்கும் திருமலையில் அத்யயன உற்சவத்தின் கடைசியில் நடக்கும் இந்த விழாவுக்குப் பெயர், தண்ணீர் அமுது. தெலுங்கு நாட்டின் நடுவில், தமிழ்ப் பெயரோடு, தண்ணீர் சுமந்தவருக்கு ஒரு திருவிழா!

அடுத்தவர் அனந்தாழ்வான். திருமலைக்குப் போய்ப் பூந்தோட்டம் போட யார் தயார் என்று ஸ்ரீரங்கத்தில் ராமானுஜர் கேட்டபோது கை தூக்கியவர் இவர் ஒருத்தர்தானாம். தோட்டத்துக்குத் தண்ணீர் வேண்டுமே, ஏரி வெட்ட ஆரம்பித்தார். அவர் கடப்பாரையால் தோண்ட, நிறைமாத கர்ப்பிணியான மனைவி கூடையில் மண் சுமந்தார். ஒரு பையன் ஓடி வந்து அந்த அம்மாவிடமிருந்து கூடையை வாங்கிச் சுமந்தான். "என் கைங்கரியத்தில் பங்கு கேட்க நீ யாரடா?" என்று அனந்தாழ்வானுக்குக் கோபம் வந்து, கடப்பாரையை வீசினார். பையனுக்கு மோவாயில் அடி. ஓடிவிட்டான். சாயங்காலம் கோயிலுக்குப் போனால் பெருமாளின் மோவாயில் ரத்தம். அதனால்தான் இன்றும் மூலவருக்கு மோவாயில் பச்சைக் கற்பூரம். அந்தக் கடப்பாரையைக் கோயில் மகாத்வாரத்தில் மாட்டி வைத்திருக்கிறார்கள். ஏரிக்குப் பெயர் ராமானுஜர் புத்தேரி.

கூட்டத்தில் மகனைத் தூக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் வந்தவன், "அந்தப் பையன் ஹெல்ப் பண்ணத்தானேப்பா வந்தான்?" என்றான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

லட்டு வரிசையில் நிற்கும்போது இன்னொரு விஷயம் ஞாபகம் வந்தது. விஜயநகர காலத்துத் திருப்பதிக் கல்வெட்டுகளை வைத்து 1960-ல் பர்ட்டன் ஸ்டைன் என்ற அமெரிக்க வரலாற்றாளர் ஒரு கட்டுரை எழுதினார். பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் அரசர்களும் அதிகாரிகளும் வியாபாரிகளும் சுவாமிக்குப் படையல் நடக்கப் பணம் கொடுத்தார்கள். கோயில் அந்தப் பணத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டவில்லை. தனக்குச் சொந்தமான கிராமங்களில் ஏரி வெட்டவும், தூர் வாரவும், கால்வாய் போடவும் செலவழித்தது. அதனால் கூடுதலாக விளைந்த நெல்லிலிருந்துதான் பொங்கலும் அப்பமும் அதிரசமும். படைத்த பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு தானம் கொடுத்தவருக்குத் திரும்பி வரும். அதற்குப் பெயர் விட்டவன் விழுக்காடு. அதாவது, சாமிக்குக் கொடுத்த காசு மலையடிவாரத்தில் ஏரியாகத் தேங்கி, வயலில் பாய்ந்து, அதிரசமாக மலையேறியது.

அந்தக் காலத்து ஏரிகளில் சில இன்னும் இருக்கின்றன. திருப்பதிக்குப் பக்கத்தில் ராயல செருவு, கிருஷ்ணதேவராயர் காலத்தது, ஐந்நூறு வருஷப் பழசு. 2021 நவம்பரில் பேய் மழை. கபில தீர்த்தத்தில் மண்டபம் சேதம், மலைப்பாதைகள் மூடல். ராயல செருவின் கரையில் கசிவு கண்டு, சுற்று வட்டார கிராமங்களைக் காலி செய்து மணல் மூட்டை அடுக்கினார்கள். நான் இங்கே கால்கரியில் விடிய விடிய டிவியைப் பார்த்துக் கொண்டிருந்தேன். கரை தாங்கிவிட்டது.

திருப்பதியிலிருந்து சித்தூருக்கு எழுபது கிலோமீட்டர். வீட்டுக்குள் செருப்பைக் கழற்றியதும் மகன் கேட்ட முதல் கேள்வி, "கிணறு எங்கப்பா?"

இங்கேதான் நான் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

கிணறு இல்லை. தாத்தா வெட்டிய கிணறு. நான் எட்டாவது படிக்கும்போதே வற்ற ஆரம்பித்துவிட்டது. அப்புறம் போர் போட்டோம். அது நானூறு அடி, எழுநூறு அடி என்று கீழே கீழே போய், இப்போது ஆயிரம் அடியில் காற்றுதான் வருகிறது. மூணு வருஷம் முன்னால் அண்ணன் போன் பண்ணி, "டேய், கிணத்தைத் தூர்த்துடலாம்னு இருக்கோம். கொசு வருது. கார் நிறுத்தவும் இடம் வேணும். நீ என்ன சொல்ற?" என்றான். நான் ஆபீஸ் மீட்டிங்குக்குப் போகிற அவசரத்தில், "சரிண்ணா, செய்ங்க" என்றேன். மொத்தம் முப்பது செகண்டு. இடித்த வீட்டுச் செங்கல்லும் கட்டடக் குப்பையும் கொட்டி, மேலே சிமெண்டு பூசிவிட்டார்கள். அதன் மேல் அண்ணனின் கார் நிற்கிறது. மகன் அந்தக் காருக்கு அடியில் குனிந்து பார்த்தான். அப்பா ஈஸி சேரில் உட்கார்ந்து பேப்பர் படித்துக் கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் டேங்கர் லாரி ஹாரன் அடிக்க, அம்மா குடங்களை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மறுநாள் காணிப்பாக்கம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஊர்ப்பெயருக்கே தண்ணீர் பாயும் காணி என்று பொருள் சொல்கிறார்கள். பார்வை இல்லாத ஒருவர், பேச முடியாத ஒருவர், காது கேளாத ஒருவர் என மூணு அண்ணன் தம்பிகள். ஏற்றம் இறைத்துக் காணியில் பயிர் வைத்துப் பிழைத்தார்கள். ஒரு வருஷம் கிணறு வற்றிவிட்டது. இன்னும் ஆழமாகத் தோண்டுவோம் என்று இறங்கினார்கள். மண்வெட்டி எதிலோ பட்டு ரத்தம் பீறிட்டது. அதுதான் பிள்ளையார். ரத்தம் கலந்த தண்ணீர் பட்டதும் மூவருக்கும் குறை தீர்ந்தது என்பது கதை. கோயிலைக் கட்டியது முதலாம் குலோத்துங்க சோழன். பிள்ளையார் இன்றும் அந்தக் கிணற்றுக்குள்ளேயே, தண்ணீருக்கு நடுவிலேயே இருக்கிறார்.

"மறுபடியும் சாமிக்கு அடிபடுதா?" என்றான் மகன்.

அவன் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. மலையில் கடப்பாரை, காணிப்பாக்கத்தில் மண்வெட்டி. எங்கள் பக்கத்துச் சாமிகள் இரண்டு பேருக்கும் அடிபட்டது தண்ணீருக்காகத் தோண்டிய இடத்தில்தான். இந்தக் கதைகளைச் சொல்லி வைத்தவர்கள் மழை மறைவுப் பூமியில் வாழ்ந்தவர்கள். ஒரு கிணறு எவ்வளவு வியர்வை, எவ்வளவு கோபம், எத்தனை பேர் தோள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அனந்தாழ்வானுக்குக் கடப்பாரை இருந்தது, எங்கள் தாத்தாவுக்கும் இருந்தது. எனக்கு இருந்தது போன்.

அன்று ராத்திரி மொட்டை மாடியில் அண்ணனிடம் இதைச் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "மூடினது மூடினதுதான்டா. ஆனா உள்ள கல்லும் செங்கல்லும்தானே கிடக்கு. மாடித் தண்ணியை பைப் வச்சு அதுல இறக்கினா பூமிக்குள்ள போகும்ல" என்றான். தமிழ்நாட்டில் 2003-லேயே வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். எங்கள் தெருவில் அதுவரை ஒருத்தர் வீட்டிலும் இல்லை. காலையில் அப்பாவே ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு வந்து சிமெண்டுத் தளத்தை அளக்க ஆரம்பித்தார். பழைய கிணற்றின் நடு எது என்று அவருக்கு மட்டும்தான் சரியாகத் தெரிந்தது. அளவு நாடாவின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டது என் மகன்.

பைப்பு, வடிகட்ட ஜல்லி, மணல், கூலி எல்லாம் சேர்த்து ஆன செலவில் என் பங்கைப் போன வாரம் அனுப்பிவிட்டேன். காரை இப்போது தெருவில் நிறுத்துகிறானாம் அண்ணன்.

இந்தப் பிப்ரவரியிலும் எட்மன்டன் போனோம். சங்கு ஊதியது, அலை வந்தது. மகன் அலையை விட்டுவிட்டு, ஓரத்தில் தண்ணீர் உள்ளே போகிற கம்பி வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக் கொண்டிருந்தான். என்னடா என்றேன்.

"சித்தூர்ல மழை வந்துச்சான்னு தாத்தாகிட்ட கேளுப்பா."

கேட்டேன். இன்னும் வரவில்லை.