மண்டபம் வேறு, சமையல் வேறு!

2011-ல் தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், காரிமங்கலம் பக்கம் உங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்திருக்கலாம். அதில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. தொட்டுப் பார்த்தீர்களா?

பாஸில் ஒரு ஜன்னலை இழுத்தால் வேலை செய்வது இரண்டு பேர். 1984-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பாப் ஷைஃப்லர் தொடங்கிய ‘எக்ஸ்’, திரையில் வரையும், மவுஸைக் கவனிக்கும். (‘டபிள்யூ’வுக்கு அடுத்து வந்ததால் எக்ஸ்!) ஜன்னலுக்குச் சட்டம் போடுவதும் நகர்த்துவதும் ‘விண்டோ மேனேஜர்’. கல்யாணத்தில் மண்டபக்காரர் வேறு, சமையல்காரர் வேறு இல்லையா? சமையல் பிடிக்கலேன்னா ஆளை மாற்றலாம். மண்டபத்தை இடிக்க வேண்டாம்.

2008-ல் பிறந்த ‘வேலேண்ட்’ இரண்டு வேலையையும் ஒருவரிடமே கொடுத்துவிட்டது. ஆனாலும் பரணில் தூங்கும் பழைய லேப்டாப்புக்கு எக்ஸ் இன்னும் கைகொடுக்கும். கனமான டெஸ்க்டாப்புக்குப் பதில் ‘ஐஸ்டபிள்யூஎம்’ மாதிரி சின்ன மேனேஜரைப் போட்டுப் பாருங்கள். மெமரிச் சுமை குறையும். அதுவரை காயலான் கடைக்குப் போடாதீர்கள்!