விளைவாக எழும் கட்டாயம் (மனு நடை)

ஒரு காரணத்தைச் சொல்லி, அதன் விளைவாக ஒரு செயல் தவிர்க்க முடியாததாகிறது என்று முறைசார் எழுத்தில் காட்டும் தொடரமைப்பு. ஆங்கிலத்தில் ‘தேர்ஃபோர்’, ‘ஹென்ஸ்’ காரணத்தை இணைக்கும்; ‘மஸ்ட்’ கட்டாயத்தைத் தரும். தமிழில் ‘ஆகையால்’, ‘எனவே’ என்பவற்றோடு ‘வேண்டும்’ வரும். கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தின் கடலோர எல்லையூரான பொழியூரில் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்குவதால் இவ்வமைப்பை இரு மொழிகளிலும் ஒப்பிட்டுக் காணலாம்.

‘கடல் கரையை அரித்தது, ஆகையால் குடும்பங்கள் வீடு மாற வேண்டி வந்தது’ என்னும் தொடரில் எழுவாய் பன்மை, வினைமுற்றோ ஒன்றன்பால். மாறியவர்கள் விரும்பிச் செய்யவில்லை, சூழ்நிலையே தள்ளியது என்பதை இவ்வமைப்பு அழுத்தமாக உணர்த்துகிறது. நிவாரணம் கோரும் மனுவுக்கு இதைவிடப் பொருத்தமான நடை இல்லை. மலையாளத்தின் ‘மாறேண்டி வந்நு’ இதற்கு நேர் இணை. ‘மஸ்ட்’ போலவே ‘வேண்டும்’ என்பதற்கும் தனி இறந்தகால வடிவம் இல்லாததால் ‘வந்தது’, ‘இருந்தது’, ‘ஆயிற்று’ துணைக்கு வருகின்றன. மறுக்க இடமே இல்லாதபோது ‘மாறியே தீர வேண்டும்’ என எழுதுவர்.

இத்தகைய மனுவைத் தமிழிலேயே எழுதவும் வழி உண்டு: கேரள ஆட்சிமொழிகள் சட்டம் (1969), தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களின் அரசு அலுவலகங்களுக்கும் தமிழில் எழுத இடமளிக்கிறது.